ரெண்டு பேருக்கும் சரி

— சிரிக்காம சொல்லுங்க முதலாளி. மெம்பர் பங்களாவுல உங்களுக்கும் அதே பேச்சுதானா?

— அதே பேச்சுதான் அழகையா. தோள்ல கை போட்டார். "கவலைப்படாதீங்க, நான் தோட்டத்துத் தொரைகிட்டப் பேசுறேன்" எண்டார். ஒனக்கு?

— எனக்குத் தோள்ல கை போடலீங்க. மத்தபடி ஒரு எழுத்து மாறல. "கவலைப்படாத, நான் தோட்டத்துத் தொரைகிட்டப் பேசுறேன்."

— தோள்ல கை எனக்கில்ல, என்ட வீட்டுக்கு. உம்மா, தம்பிமார், மச்சான்மார், அவங்கட பொஞ்சாதிமார் எண்டு பதினேழு ஓட்டு ஈக்கி. ஒரு கை போட்டுப் பதினேழைத் தடவிட்டார்.

— ஆக, சோதனை முடிஞ்சிருச்சுங்க.

— முடிஞ்சிது. நான் உள்ளுக்குப் போய், "இந்த அழகையா தோட்டத்தைக் குழப்புறான், என்ட கடை யாவாரம் கெடுது, அவன லயத்து வீட்ட விட்டுத் தொரத்தச் செல்லுங்க" எண்டேன். அதுக்கும் சரி. பொறகு நீ போய், "என்னயத் தொரத்த வேணாம்னு சொல்லுங்க" எண்டாய். அதுக்கும் சரி. எங்கட வாப்பா வெலிமடைச் சந்தையில கரட் வாங்குறதும் இப்பிடித்தான். ரெண்டு ஆளை அனுப்புவார். ஒருத்தன் "அருமையான கரட்" எண்டு செல்லணும், மத்தவன் "அழுகல்" எண்டு செல்லணும். ரெண்டு பேருக்கும் தலையாட்டுற யாவாரிகிட்ட வாப்பா ஒரு கிழங்கு வாங்க மாட்டார். அவன் மூட்டையில மேல கரட், அடியில மண் எண்டுவார்.

— நம்ம மெம்பர் மூட்டையில?

— மேலயும் மண்தான்.

— இதத் தெரிஞ்சிக்கவா மடுல்சீமையிலருந்து வந்தோம்? பாதி வழி நடை, பாதி வழி உங்க லொறி. முட்டி ரெண்டும் யாரோ எரவல் குடுத்த மாதிரி இருக்கு.

— டீயக் குடி, ஆறுது. மண் எண்டு தெரிஞ்சிக்கிட்டதும் ஒரு லாபம்தான்.

— உங்களுக்கு லாபம். நான் வெள்ளிக்கிழமைக்குள்ள சட்டிபானையத் தூக்கணும். காலைப் பெரட்டுல பேர் குடுக்க எல்லாரும் நிக்கிறப்ப, "லயத்துக் கூரை ஒழுகுதுங்க தொரை"ன்னேன். அம்புட்டுதான் கேட்டேன். கணக்கு முடிச்சுப் பத்துச்சீட்டக் குடுத்துட்டாரு. வேலையும் போச்சு, குடியிருந்த காம்பராவும் போச்சு. இப்பக் கூரை ஒழுகலையேன்னு சந்தோசப்பட வேண்டியதுதான்.

— மனச விடாத. ஹல்துமுல்லைப் பக்கம் என்ட மச்சானுக்கு ஒரு பெரிய கங்காணியத் தெரியும். அங்கின வேலைக்குப் பேர் பதியலாமா எண்டு வெள்ளிக்கிழமைக்குள்ள கேட்டுப் பாப்பம்.

— ஒண்ணு கேக்குறேன் முதலாளி. இந்த மனுசனுக்குன்னு ஒரு கொள்கை, ஒரு பிடிப்பு, ஏதாச்சும் இருக்குமா?

— நானும் தேடித்தான் பாக்கிறன். முந்தின எலெக்சன்ல ஒரு கட்சி, இந்த எலெக்சன்ல மத்தக் கட்சி. அப்ப கோட்டு, இப்ப வெள்ளைச் சாரம். பாசை விசயம் கேட்டா பதுளையில ஒரு பேச்சு, வெலிமடையில ஒரு பேச்சு. கோயிலுக்குப் போனா திருநீறு, பள்ளிக்கு வந்தா தொப்பி, புத்தர் பன்சலையில தாமரைப் பூ. எலெக்சன் மாசத்துல அவருக்குத் தலை ஒண்டு பத்தாது.

— எங்ககிட்ட அவரு அந்த வேசம்கூடப் போடுறதில்லீங்க. நாப்பத்தேழுல நானும் ஓட்டுப் போட்டேன். அடுத்த எலெக்சனுக்குப் போனா, தோட்டத்து ஆளுகளுக்குப் பிரசாவுரிமை இல்ல, லிஸ்டுல பேரே இல்லன்னுட்டாங்க. அன்னையிலருந்து மெம்பருக எங்களப் பாக்குறது, வீட்டுக்குள்ள இருக்கிறவன் மழையப் பாக்குற மாதிரிதான்.

— அந்தா, பங்களாக் கேட்டத் தொறக்கிறாங்க. கார் வருது. கொழும்புக்குப் போறார் போல, பார்லிமெண்டு ஈக்கிதானே.

— நம்மளப் பாத்துக் கும்புடுறாரே!

— நம்மளயில்ல, என்னய. ஓட்டு ஈக்கிற பக்கம் அவர்ட கை தன்னால எழும்பும்.

— போயிட்டாரு. இனி அடுத்த வாரம்தான் வருவாரு… எங்க வீட்டுக்காரி நல்லம்மாவ எங்க காணோம்? மெம்பர் வீட்டு நோனாவுக்குக் கோழி குடுக்கணும்னு குசினிப் பக்கமாப் போனா.

— வாரா வாரா. நம்மட சோதனை அவக்குத் தெரியுமா?

— சொல்லலீங்க. என்னயத் தொரத்தச் சொல்லி உங்களக் கேக்கவச்சேன்னு தெரிஞ்சா, வெளயாட்டுன்னாலும் என்னயக் கொன்னுருவா. ஏய் நல்லம்மா, இப்பிடி வா! ஒக்காரு, டீ சொல்றேன்.

— டீ வேணாங்க. எந்திரிங்க, போவோம். சாமான் கட்டணும்.

— வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்குல்ல?

— இல்லங்க. நான் குசினி வாசல்ல நிக்கிறப்ப மெம்பர் ஐயா உள்ள போன்ல பேசிக்கிட்டிருந்தாரு. வெளிய வரவும் கால்ல விழுந்தேன். "எந்திரிம்மா, ஒன் புருசன் விசயமாத்தான் இப்பத் தொரைகிட்டப் பேசினேன். நாளைக்கே காம்பராவப் பூட்டச் சொல்லிட்டேன்"னாரு.

— பேசினாரா? நெசமாவே போன் போட்டுப் பேசினாரா?

— பேசினாருங்க. கூரைக்கு மனு குடுத்தோம், ரோட்டுக்கு மனு குடுத்தோம், ஒண்ணும் அசையல. இது ஒண்ணுதான் சொன்ன கையோட நடந்திருக்கு.

— யா அல்லாஹ்… கார் போயிட்டுதே. கார் போயிட்டுதே அழகையா!

— கார் நின்னாலும் ஒண்ணும் ஆகாது முதலாளி. நான் அழுது பாத்துட்டேன். அவரும் ஒளிக்காமதான் சொன்னாரு. "நான் என்னம்மா செய்யிறது? ஒன் புருசனுக்கு ஓட்டில்ல. தொரத்தச் சொல்லி வந்த மனுசன் வீட்டுல பதினேழு ஓட்டு இருக்கு. அவரு வாய் தொறந்து கேட்டா நான் தட்ட முடியாது"ன்னாரு.

— நல்லம்மா, போதும். வா, போவோம்.

— இருங்க, கேட்டுக்கிர்றேன். முதலாளி, மடுல்சீமையில உங்களுக்குத் தெரியாத வீடு இல்லையே. பதினேழு ஓட்டு யாரு வீட்டுலங்க இருக்கு?