வண்டி புறப்பட்டுவிட்டது

வெப் சர்வரும் அப்ளிகேஷன் சர்வரும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை ஐயா. என் மனைவியே பத்து வருஷமாக அப்படித்தான் நினைக்கிறாள்; குடும்பம் நன்றாகத்தான் ஓடுகிறது.

எங்கள் ஆம்புலன்ஸ் சேவை அலுவலகத்தில் வெப் சர்வர் என் பொறுப்பு. தயாராக இருக்கும் பக்கத்தைக் கேட்பவரிடம் எடுத்து நீட்டும். அவ்வளவுதான் அதற்கு அறிவு, கிட்டத்தட்ட என்னைப்போல. அப்ளிகேஷன் சர்வர் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆம்புலன்ஸ் கேட்டு யாராவது பதிந்தால், எந்த வண்டி அருகில் நிற்கிறது என்று பார்த்து டிரைவருக்குச் சொல்வது அதுதான். யோசிப்பது அது, திட்டு வாங்குவது நான். பின்னால் எது வேலை செய்யாமல் படுத்தாலும் பிழை தெரிவது என் சர்வர் காட்டும் பக்கத்தில் என்பதால் மூன்று மாதத்தில் இரண்டு மெமோ. இன்னொன்று வந்தால் வீட்டுக்கு அனுப்புவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

அன்று காலை பத்தரை மணிக்கு அப்ளிகேஷன் சர்வர் படுத்துவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எழுந்து வந்தார்.

"எழுப்ப முக்கால் மணி நேரம் ஆகும். 'சேவை இல்லை, போன் பண்ணுங்க'ன்னு போட்டுடுப்பா."

"போட்டாச்சுக்கா."

"நெஜமாவா?"

"என் மூஞ்சியப் பார்த்தா பொய் சொல்றவன் மாதிரியா இருக்கு?"

"மூஞ்சியப் பார்த்துதான் கேக்குறேன்." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நான் போட்டது வேறு பக்கம். யார் பதிந்தாலும் ஒரே பதில்: 'வண்டி புறப்பட்டுவிட்டது. காத்திருங்கள்.' யோசிக்கத் தேவையில்லாத வாக்கியம். என் சர்வர் அலுங்காமல் நீட்டியது, முப்பத்தொரு பேருக்கு. ஒருவர்கூடப் பிழையைப் பார்க்கவில்லை.

பத்தே முக்காலுக்கு அண்ணி போன் செய்தார்.

"தம்பி, உங்க அண்ணனுக்கு நெஞ்சு வலி. வண்டி கிளம்பிடுச்சுன்னு காட்டுது. எதிர்வீட்டுக்காரர் கார் எடுக்குறேங்கிறார். அதுல போயிடட்டுமா?"

மேலாளர் என் மேசையருகே நின்று திரையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார், முதல் முறையாக.

"வேணாம் அண்ணி. கிளம்பிடுச்சுன்னா வந்துடும்."

அண்ணன் பதினொன்றே காலுக்கு இறந்துபோனார். மொத்தம் நான்கு பேர் என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. மற்ற மூவரை எனக்குத் தெரியாது.

செய்தது நான்தான். மறுக்கவில்லை. நான் வருந்தவேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பதுதான் புரியவில்லை. பிழையைக் காட்டியிருந்தால் முப்பத்தொரு வீட்டிலும் அலறியிருப்பார்கள். அண்ணி அலறவில்லை. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி, அரை மணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அந்த நிம்மதியை வேறு யார் கொடுத்திருப்பார்கள்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வண்டி வழியில் எங்கோ மாட்டிக்கொண்டது என்றுதான் அண்ணி இன்னும் நம்புகிறார். அதை அப்படியே விட்டுவிடுங்கள். அவருக்கு இப்போது என்னை விட்டால் யாரும் இல்லை.