மூணு வண்டித் தடம்

— நில்லு நில்லு, அதுக்கு மேல போவாத அனு. மேல காஞ்சாப்புல தெரியும், கால வச்சா முட்டி வரைக்கும் உள்ள இழுத்துக்கும்.

— தெரியும் மாமா. இந்த ஏரிக்குக் கீழ எங்க கழனிய வருசா வருசம் டிராக்டர்ல ஓட்றவ நானு.

— அதுக்கு சொல்லல. ஆஸ்பத்திரிய வுட்டுட்டு காலங்காத்தால என்ன எதுக்கு இங்க வரச் சொன்ன? அன்பு எப்படி இருக்கறான்?

— அம்மா கூட இருக்குது. ஞாயித்துக்கிழம மூணு வண்டிய சேத்துல எறக்கி பந்தயம் வுட்டீங்க இல்ல? அதுல எந்த வண்டி என் தம்பிய அடிச்சிதுன்னு தடத்த பாத்து சொல்லு. மூணு நாளா ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க.

— அதான் போலீசு வந்து பாத்தாங்களே.

— போட்டோ புடிச்சிக்கினு போய்ட்டாங்க. செஞ்சியில உன்ன விட்டா ஜீப்பு மெக்கானிக்கு யாரு? தை மாசம் கட்டிக்கப் போறவ கேக்கறேன், இது கூட செய்ய மாட்டியா?

— தே, மாட்டேன்னா சொன்னேன்? வா, காட்றேன். மொதல்ல இது. ஏணிப்படி மாதிரி வெட்டு வெட்டா விழுந்திருக்குது பாரு, வீரமணியோட டிராக்டரு. டயருக்கு பதிலா இரும்புல கூண்டாட்டம் கேஜ் வீலு போட்டுக்கினு வந்தான். நான் சொல்றத கேளு, சேத்துக்குன்னு பொறந்தது அதான். பொதையும், ஆனா நிக்காது. மெதுவா உழுதுக்கினே போய் கரை ஏறிடும்.

— அன்பு கெடந்த மதகு பக்கம் திரும்பவே இல்ல.

— இல்ல. அவன விட்டுடு.

— சரி. அடுத்தது?

— இதோ, அகலமா இருக்குது பாரு. பஜார்ல மளிகைக் கடை ஹரிஹரசுதன், அவனோட புது வண்டி. எப்படி நோண்டி வச்சிருக்குது பாத்தியா? ரெண்டு டன் வெயிட்டு. ஏசிய போட்டுக்கினு உள்ள உக்காந்து பட்டன அழுத்தனா போதும், நாலு வீலும் இழுக்கும். ஆனா ரோட்டு டயரு. அந்த வரிக்குள்ள களிமண்ணு அடைச்சிக்கிச்சின்னா எண்ணெ தடவனாப்புல ஆய்டும். வீலு சும்மா சுத்தும், வண்டி சைடு வாங்கும். பக்கத்துல நிக்கறவன அடிக்கறது சைடு வாங்கற வண்டிதான்.

— அப்ப ஹரிதான் அடிச்சான்றியா?

— நான் சொல்லல. தடம் சொல்லுது.

— உன் ஜீப்பு?

— அது பழசு, ஆனா வெயிட்டு கம்மி. டயரு ஒல்லி. சேத்த கிழிச்சிக்கினு போய் அடியில இருக்கற கெட்டித் தரைய புடிச்சிக்கும். காத்த பாதி எறக்கிட்டு, செகண்டு கியர்ல ஆக்சிலேட்டர போட்டு மிதிக்காம ஒரே சீரா போனா எந்தச் சேத்துலயும் வந்துடலாம். நான்தான் ஒரு ரவுண்டு அடிச்சிட்டு அஞ்சு மணிக்கே கெளம்பிட்டனே. அன்பு, ஹரி கூட வரேன்னு நின்னுட்டான். போலீசுலயும் இதான் சொன்னேன்.

— ம். இந்த மதகுகிட்ட வா.

— அங்க இன்னா இருக்குது?

— ஒல்லித் தடம். உன்துதான?

— என்துதான். மொதல் ரவுண்டுல வந்திருப்பேன்.

— அகலத் தடம் இதுக்கு அடியில இருக்குது மாமா. ஹரி வண்டி போனதுக்கு மேல இது ஏறிப் போயிருக்குது. நீ தான மொதல்ல கெளம்புன?

— ஐய, எத்தன தடவ போனோம், எத்தன தடவ வந்தோம். எது மேல எதுன்னு யாரு கண்டா?

— சரி. வண்டி இங்க நின்னிருக்குது, பொதைஞ்சிருக்குது. முன் வீலுகிட்ட இந்தப் பக்கம் ஒரு குழி, அந்தப் பக்கம் ஒரு குழி. இன்னா குழி இது?

— தூக்க வந்தவங்க காலா இருக்கும்.

— தூக்க வந்தவங்க மதகு மேலருந்து கயிறு போட்டு எறங்குனாங்க. இந்தப் பக்கம் ஒருத்தரும் கால வைக்கல, நான் கூட நின்னேன். இது காலு இல்ல மாமா, முட்டி. ஒருத்தன் முட்டி போட்டிருக்கான்.

— காத்து எறக்கியிருப்பான்.

— காத்து எறக்கனா பின் வீலுகிட்டயும் குழி இருக்கணுமே? முன் வீலு ரெண்டுத்துகிட்ட மட்டும் எதுக்கு முட்டி போடணும்?

— எனக்கின்னா தெரியும்?

— உனக்குத் தெரியாதா? உன் ஜீப்புல முன் வீலு நடுவுல ஒரு பூட்டு இருக்குது. எறங்கி, ரெண்டு பக்கமும் கையால திருப்பனாதான் அந்த வீலு இழுக்கும். நீதான் எனக்குக் காட்டுன. ஹரிக்கு எறங்கற வேலையே இல்ல, பட்டன் இருக்குது. இந்த முட்டிக் குழிக்கும் என் தம்பி கெடந்த எடத்துக்கும் எவ்ளோ தூரம், நீயே அளந்து சொல்லு.

— அனு, நீ இன்னா என்னையே...

— ரெண்டு முழம். நான் அளந்துட்டேன்.

— அன்பு கண்ணு முழிச்சானா?

— ஏன் கேக்கற?

— முழிச்சானா இல்லையா, சொல்லேன்! பேசுனானா?

— நேத்து சாயங்காலம் முழிச்சான். பேசுனான். எல்லாத்தையும் சொன்னான்.

— யாருகிட்ட?

— என்கிட்ட மட்டும். நைனாகிட்ட கூட நான் இன்னும் சொல்லல. உன் வாயால ஒரு தடவ கேக்கணும்னு தோணுச்சி, அதான் வரச் சொன்னேன். பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும் மாமா. சொல்லு.

— ஐயோ அனு... வேணும்னு செய்யல. உன் மேல சத்தியமா வேணும்னு செய்யல. எல்லாரும் போன பின்னாடி இன்னும் ஒரு தடவ மதகு ஓரமா போய்ப் பாக்கலாம்னு அவன்தான் கூப்ட்டான். கொம்பால ஆழம் பாத்துக்கினு முன்னாடி நடந்தான். வண்டி சறுக்கிச்சி. பயத்துல பிரேக்க மிதிச்சிட்டேன், அப்படியே அடிச்சிக்கினு போய்டுச்சி. மதகு கல்லுக்கும் பம்பருக்கும் நடுவுல மாட்டிக்கினான்.

— அப்புறம்?

— எறங்கி பூட்டு ரெண்டையும் போட்டு ரிவர்ஸ் எடுத்தேன். அவன வெளிய எடுக்கத்தான் எடுத்தேன், நம்பு. விழுந்தான். விழுந்து என் கையப் புடிச்சிக்கினான்.

— இன்னா சொன்னான்?

— உன்கிட்டதான் சொல்லியிருக்கானே...

— நீ சொல்லு.

— "அக்காகிட்ட சொல்லாத மாமா, பயந்துடும், என்ன தூக்கு மட்டும்"னான்.

— நீ தூக்கல.

— இடுப்புக்குக் கீழ பாத்தேன் அனு. பொழைக்க மாட்டான்னு நெனச்சிட்டேன். உன் மூஞ்சில எப்படி முழிப்பேன், கல்யாணம் இன்னா ஆவறது, எல்லாம் ஒரே நிமிசத்துல மண்டையில ஓடுச்சி. ஆளக் கூட்டியாரேன்னு சொல்லிட்டு வந்தேன். வூட்டுக்கு வந்ததும் வாய் வரல. படுத்துட்டேன்.

— மாடு ஓட்டிக்கினு வந்தவங்க அவன பாக்கசொல்ல மணி காலையில ஆறரை. ராத்திரி பூரா ஆளு வரும்னு அந்தப் பனியில பாத்துக்கினே கெடந்திருக்கான்.

— தப்புதான். அடி, செருப்பால அடி என்ன. ஆனா பொழச்சிக்கினான் இல்ல? அது போதும் எனக்கு. வா, இப்பவே போலாம். அவன் கால்ல விழறேன். அவன் இன்னா சொல்றானோ அப்படியே செய்றேன், ஸ்டேசனுக்குப் போன்னா போறேன்.

— அவன் கண்ணே முழிக்கல மாமா. விடியக்காலம் நாலு மணிக்கு செத்துட்டான்.