கசந்தால்தான் அசல்

பாகற்காயில் வெல்லம் போடுவது எனக்குப் பிடிக்காது, ஐயா. கசக்க வேண்டியது கசக்கட்டும். காலையில் உங்கள் ஏட்டு வாங்கி வந்த சாப்பாட்டில் வெல்லம் போட்டிருந்தார்கள், அதனால்தான் மிச்சம் வைத்தேன். மனசு உறுத்திச் சோறு இறங்கவில்லை என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

என் பெயர் ராசப்பன். சேந்தமங்கலத்தில் ஒரு டாக்டரிடம் ஒன்பது வருஷம் கம்பவுண்டராக இருந்தேன். சப்பான்காரன் ஜாவாவைப் பிடித்ததும் குளிர்க்காய்ச்சலுக்கு அங்கிருந்து வந்த கொயினா வரத்து நின்றது. தபாலாபீஸில் விற்ற பொட்டலமும் கிடைக்கவில்லை. டாக்டர் கடையை மூடிக்கொண்டு போய்விட்டார். கொல்லிமலையில் மட்டும் மழை ஓய்ந்ததும் குளிர்க்காய்ச்சல் வருஷம் தவறாமல் வந்தது. மலைக்காரர்களுக்கு மருந்து வேண்டும், எனக்குப் பிழைப்பு வேண்டும். இதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மாத்திரையை நானே உருட்டினேன். அரிசி மாவு, கொஞ்சம் சீமைச் சுண்ணாம்பு, சுண்டக் காய்ச்சிய நிலவேம்புச் சாறு. அதைத் தின்று யாரும் சாகமாட்டார்கள். அதைத் தின்று யாருக்கும் காய்ச்சல் விடாது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கவில்லை.

மலைமேல் வாழவந்தி நாட்டில் ஒரு சிற்றூருக்குப் போன முதல் நாள் நான் எதையும் விற்கவில்லை. ஏமாற்றுக்காரர்களைப் பற்றி எச்சரித்தேன். அடிவாரத்திலிருந்து போலி மருந்து வருகிறது, வெறும் மாவு உருண்டையைக் கொயினா என்று தலையில் கட்டிவிடுவார்கள், நாக்கில் வைத்துப் பார்த்து வாங்குங்கள், கசந்தால்தான் அசல் என்று சொல்லிக்கொடுத்தேன். திருடனைப் பற்றி முதலில் எச்சரிக்கிறவனை யாரும் சந்தேகப்படுவதில்லை. இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து நீங்கள் ஊர் ஊராக ஒட்டலாம். ஒட்டியும் பயன் இருக்காது. படிக்கிறவர்கள் ஒட்டியவனை நம்பிவிடுவார்கள்.

அந்த மலைக்காரர்களுக்கு நாக்குதான் தராசு. தேனை ஒரு சொட்டு நக்கிவிட்டு எந்த மரத்துப் பூ என்று சொல்வார்கள். பாகு கலந்த தேனை அவர்களிடம் யாராலும் விற்க முடியாது. அந்தக் கர்வம் அவர்களுக்கு உண்டு. அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும். என் மாத்திரை அசலைவிடக் கசந்தது. நக்கிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, இருபது மாத்திரைக்கு ஒரு படி மிளகு கொடுத்தார்கள். நான் கேட்டதைவிடக் கூடுதலாகவே அளந்தார்கள்.

கார்த்திகைக் கடைசியில் மறுபடி போனபோது எட்டு வீடுகளில் காய்ச்சல் இருந்தது. பாப்பாயி என்று ஒருத்தி, புருஷன் இல்லாதவள். அவளுக்கு ஆறு வயதில் ஒரே பெண், கண்ணாயி. மூன்று நாளாக அந்தக் குழந்தைக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. என் மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்திருந்தாள். இன்னும் இரண்டு சேர்த்துக் கொடு என்றேன். கொடுத்தாள்.

அன்றைக்கு மத்தியானம் நசீர் அகமது மலையேறி வந்தார். சர்க்கார் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர். எங்கிருந்தோ மன்றாடி வாங்கிய ஒரு டப்பா கொயினாவைச் சும்மா கொடுக்கக் கொண்டு வந்திருந்தார். சும்மா கொடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஒருபோதும் ஆகாது. நாலு பேர் பிழைப்பைக் கெடுக்கிறவர்கள் அவர்கள்.

பாப்பாயி ஒன்றை வாங்கி நாக்கில் வைத்தாள். முகம் மாறியது.

"ஏனுங்க, இது தித்திக்குதுங்களே."

"புள்ளைங்க துப்பிடாம இருக்க மேல சக்கரை பூசியிருக்கும்மா. கடிச்சுப் பாருங்க, உள்ள கசப்புதான்" என்றார் நசீர் அகமது.

கடித்தாள். கசந்தது. அவள் மகளைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். ஊரே என்னைப் பார்த்தது. நான் அங்கே மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, ஐயா. ஒரு கேள்விதான் கேட்டேன்.

"வெள்ளாமையை அழிக்கிற காட்டுப்பன்னிக்கு நஞ்சு வெக்கறப்ப, எதுக்குள்ள பொதிஞ்சு வெப்பீங்க?"

வெல்லத்துக்குள் என்று எல்லோருக்கும் தெரியும். பாப்பாயி வாயிலிருந்ததைத் துப்பினாள். பிறகு ஆளுக்கொரு கல்லை எடுத்தார்கள். நசீர் அகமது நெற்றியில் ரத்தத்தோடு ஓடினார். ஓடும்போதும் திரும்பித் திரும்பி, அந்தக் குழந்தைக்காவது கொடுங்கள் என்று கத்திக்கொண்டே போனார். கல்லெறிந்தது அவர்கள். நான் ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை.

பாப்பாயி சிதறிக் கிடந்த மாத்திரைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டு என்னிடம் நீட்டினாள். "கோழி குஞ்சு கொத்திரப் போவுதுங்க, நீங்களே கொண்டுபோயி பொதச்சிருங்க சாமி" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

அது அசல் என்று எனக்குத் தெரியுமா என்று நேற்று முழுக்கக் கேட்டீர்கள். தெரியாது, எனக்கே சந்தேகம் இருந்தது என்று சொன்னேன். இப்போது அதைத் திருத்திக்கொள்ளுங்கள். மறுநாள் காலை இறங்கலாம் என்றிருந்தேன், எனக்கும் குளிர் கண்டுவிட்டது. நடக்க முடியவில்லை. பாப்பாயி தன் வீட்டிலேயே எனக்கும் ஒரு பாய் விரித்தாள். குழந்தை சுவரோரமாகவும் நான் வாசலோரமாகவும் படுத்திருந்தோம். டப்பா என் தலைமாட்டில் துணிக்குள் இருந்தது. நாளுக்கு மூன்று வீதம் அவள் தண்ணீருக்குப் போகும் நேரம் பார்த்து விழுங்கினேன். இரண்டாம் நாள் குளிர் குறைந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. டப்பாவில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. ஒரு குழந்தைக்கு எத்தனை வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும், ஒன்பது வருஷம் அளந்து கொடுத்தவன்.

அன்று பொழுது சாய்வதற்குள் கண்ணாயி போய்விட்டாள். அந்த வாரத்தில் அந்த ஊரில் இன்னும் நாலு குழந்தைகள்.

புதைத்துவிட்டு வந்து பாப்பாயி எனக்குச் சாமைக் கஞ்சி ஊற்றினாள். அழவில்லை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உங்க மாத்திரை உங்களுக்குக் கேட்டுருச்சுங்க. எம்புள்ளைக்கு மட்டும் ஏனுங்க கேக்கல?"

நான் கஞ்சியைக் குடித்தேன், பதில் சொல்லவில்லை. பொய் சொல்வது எனக்கு எப்போதும் வழக்கமில்லை, ஐயா.