பாண்டிச்சேரியில் ஒரு பாய்மரப் படகு

திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் பாண்டிச்சேரி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, புருஷனை வழியனுப்ப வந்திருந்தாள்.

“பாய்மரப் படகை வாங்கியாந்து ஐயங்குளத்துல தெப்பம் விடப்போறீங்களா?”

“அது பாண்டிச்சேரியிலயே கெடக்கும்டி. வெள்ளைக்காரர் ஊருக்குப் போறாரு, கம்மி வெலைக்குக் குடுக்கறாரு.”

“பழசாமே?”

“மரமில்ல, ஃபைபரு. மக்காது. பூரா தட்டிப் பாத்துட்டேன். மேல்தளத்துல ஒரு எடம் மட்டும் தண்ணி ஊறி மொத்துனு கேக்குது. சரி பண்ணிக்கலாம்.”

“பானை வாங்கறாப்ல தட்டினீங்களாக்கும்.”

“கப்பல்ல சமையக்காரனா இருந்த அத்தினி வருஷமும் அடுப்பைப் பாத்துக்கினே நின்னேன். கடலைப் பாக்கவேயில்லைடி.”



“உள்ள எத்தினி பேர் படுக்கலாம்?”

“ரெண்டு பேரு.”

பஸ் வந்தது. அந்த அம்மா புருஷன் தோளிலிருந்த துண்டை உருவி, ஜன்னல் வழியாகப் போட்டு, இரண்டு பேருக்கு இடம் பிடித்தாள்.