நாலு எமுலேட்டர்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பஸ். மலைப்பாதையில் ஏறியதும் என் போனில் சிக்னல் செத்துவிட்டது. முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த புருஷனைக் கேட்டாள்:

"நாலு அடுப்பு வாங்கினியே, அரிசி வாங்கினியா?"

அவன் போனைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

"உன்னத்தான். பழைய டிவி கேம போன்ல ஆட எமுலேட்டர் மட்டும் இருந்தா போதுமா? கேமு எங்க?"

"ஒரு வாரமா நாலு எமுலேட்டரு போட்டுப் பாத்து, எல்லாத்துலயும் பட்டன் செட் பண்ணிக்கினு இருந்தேன்டி. கேம எறக்க மறந்துட்டேன்."

"எங்கக்கா புருஷன இன்னிக்கு தோக்கடிக்கறேன்னு சவால் வுட்டியே?"

"பஸ்ஸ நிறுத்தச் சொல்லு. கீழ போயி டவுன்லோடு பண்ணிக்கினு வரேன்."

"கம்முனு குந்து."

அவள் தன் போனை எடுத்தாள். அதில் ஒரு குட்டி விமானம் டொப் டொப்பென்று சுட ஆரம்பித்தது.

"ஏய்! அதே கேமு! உனுக்கு மட்டும் எப்பிடி ஓடுது? எந்த எமுலேட்டரு?"

"பேரெல்லாம் யாரு பாத்தா? மொதல்ல வந்தத போட்டுக்கினேன். உன்னயும் அப்பிடித்தான கட்டிக்கினேன். இது சொன்ன பேச்சாவது கேக்குது."