பீடி கேஸ்

தர்மபுரியிலிருந்து பொம்மிடி போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் பெங்களூரிலிருந்து வந்திருந்த மச்சினனிடம் சொன்னார்:

“அந்த லா காலேஜ் புரொபசர் மட்டும் வரலைன்னா, நானு அன்னிக்கே குத்தத்த ஒத்துக்கிட்டு நிம்மதியா வூட்டுக்குப் போயிருப்பேன்.”

“என்ன குத்தங்க மாமா?”

“பஸ் ஸ்டாண்டுல பீடி குடிச்சேன்னு கேசு.”

“நீங்க பீடியத் தொட்டதே இல்லியே.”

“போலீசுக்கு அன்னிக்குக் கேசு கொறைஞ்சு போச்சு போல. எல்லாரும் ஒத்துக்கிட்டு ஃபைனக் கட்டிட்டுப் போனாங்க. நானும் கட்டத்தான் நின்னேன். கோர்ட்டுல இருந்த புரொபசரு, செய்யாத குத்தத்துக்கு ஏழைங்க எதுக்குக் கட்டணும்னு சொல்லி, காசு வாங்காத வக்கீல் ஒருத்தர ஏற்பாடு பண்ணாரு. தங்கமான மனுசன்.”

“கேசு என்னங்க ஆச்சு?”

“போன வாரம் விடுதலை. குத்தம் செய்யலைன்னு ஜட்ஜே சொல்லிட்டாரு.”

“அப்புறம் என்னங்க கொறை?”

“ரெண்டு வருசம் வாய்தா வாய்தான்னு கோர்ட்டு வாசல்லயே நின்னேன். பொழுது போவணுமில்ல?”

கடத்தூரில் பஸ் நின்றது. அவர் சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்தார்.

“வெளிய போலீசு நிக்குதான்னு கொஞ்சம் எட்டிப் பாரு.”