சுவர் தாண்டி வந்த கத்தரிக்காய்

"ஏடி ஜக்கம்மா, வெளிய வாடி. எம்மக கல்யாணத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு உள்ள உக்காந்து டிவி பாக்கியா?"

"ஒம்மக கல்யாணத்துல எனக்கென்னடி சோலி? வந்து கேட்டாக, நல்ல புள்ளன்னு சொன்னேன். அம்புட்டுத்தான்."

"மாப்பிள்ளையோட அம்மா இந்தத் தெருவுல விசாரிச்சது ரெண்டே வீட்டுல. ஒண்ணு நீயி. இன்னொண்ணு குருவம்மாக்கா. எங்கக்கா வாயில இருந்து எம்மகளப் பத்தித் தப்பா ஒரு சொல்லு வருமா?"

அந்தக் குருவம்மாக்கா நான்தான். எதிர் வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். செல்வலட்சுமி என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லுக்கா," என்றாள். "கத்தாத, பிரஷர் ஏறும்," என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு உண்மையிலேயே பிரஷர் உண்டு.

எனக்குக் கத்தரிக்காய் அவ்வளவாகப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சாப்பிட்டால் கை அரிக்கும். அரித்தாலும் தட்டை வழித்துவிட்டுத்தான் கீழே வைப்பேன். ஒருத்தி பாடுபட்டுச் செய்ததை வீணாக்கக் கூடாதல்லவா.

பாடுபட்டவள் செல்வலட்சுமியின் ஒரே மகள் தங்கச்செல்வி. அருப்புக்கோட்டை பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர். குழாயில் தண்ணீர் வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை வருகிற தெருவில், மொட்டைமாடியில் பதினான்கு பெயிண்ட் வாளியில் கத்தரி வைத்தாள். கரிசல் மண்ணில் ஆட்டுப்புழுக்கையைக் கலந்து போட்டாள். அரிசி கழுவின தண்ணீர்கூட அவளைத் தாண்டிச் சாக்கடைக்குப் போகாது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு செடியாகப் பார்ப்பாள். குருத்து தலை தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். "ஏலே, இங்கயா ஒளிஞ்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டே நுனியைக் கிள்ளி எறிவாள்.

விதை முற்றாத பிஞ்சாகப் பறித்து, காம்போடு நான்காகக் கீறி, மல்லியும் மிளகாயும் வேர்க்கடலையும் வறுத்து அரைத்து உள்ளே அடைத்து, நல்லெண்ணெயில் மூடி வைத்து வதக்குவாள். அந்த வாசம் எங்கள் வீட்டுக்கு வர யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. ஒவ்வொரு செவ்வாயும் ஒரு கிண்ணம் சுவர் தாண்டி வரும். சனிக்கிழமை கருவாட்டோடு போட்ட குழம்பு. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, மகனும் சென்னைக்குப் போன பிறகு, நான் எனக்காக உலை வைப்பதே குறைந்துபோயிருந்தது. இதைச் சும்மா ஒரு தகவலுக்குச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் பெண்ணைப் பார்த்துப் போனவர்கள், அடுத்த வாரம் சொல்லாமல் வந்து பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். ஜாதகத்துக்கு மேலே அந்தச் சொல்லுக்கு மதிப்பு. இத்தனை வருஷத்தில் நான் யாரைப் பற்றியும் பொய் சொன்னதில்லை. அதனாலேயே தெருவுக்குள் நுழைகிறவர்களை என் வீட்டுக்குத்தான் கைகாட்டுவார்கள்.

முதலில் பந்தல்குடியிலிருந்து லாரி வைத்திருப்பவர்கள் வந்தார்கள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. "புள்ள எப்படிங்க?" என்றார்கள். "தங்கமான புள்ள. ஒரு நாளும் மாத்திரை போட மறக்க மாட்டா," என்றேன். உண்மைதான். ரத்தம் குறைவு என்று பெரியாஸ்பத்திரியில் கொடுத்த சத்து மாத்திரை. என்ன மாத்திரை என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காததற்கெல்லாம் பதில் சொல்கிற ஆள் இல்லை நான்.

இரண்டாவதாக விருதுநகர்க்காரர்கள். "கலகலப்பாப் பேசுமா?" என்றார்கள். "நம்மகிட்டப் பேச்சு கொஞ்சம் கம்மி. மாடியில தனியா இருந்தா நல்லாப் பேசுவா," என்றேன். புழுவிடம் அவள் பேசுவதை நானே என் காதால் கேட்டிருக்கிறேன். அவர்களும் திரும்பி வரவில்லை.

செல்வலட்சுமி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன். அந்த வருஷம் காய்ப்பு பிரமாதம்.

மூன்றாவதைத் தங்கச்செல்வியே தேடிக்கொண்டாள். மதன்குமார் என்று பாலவனத்தத்துப் பையன். ஜவுளிக்கடைக்கு லோடு இறக்க வருகிற வேன் அவனுடையது. ஒரு மத்தியானம் தன் டிபன் டப்பாவிலிருந்து அவனுக்கு இரண்டு கத்தரிக்காய் வைத்திருக்கிறாள். அதற்கப்புறம் லோடு இல்லாத நாளிலும் வேன் வந்ததாகக் கேள்வி.

அந்தச் செவ்வாய்க்கிழமை கிண்ணம் சுவர் தாண்டி வரவில்லை. வாசல் வழியாக அவளே கொண்டுவந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, ரெண்டு எடம் தட்டிப் போச்சு. எனக்கும் முப்பது ஆகப் போகுது. இது நானாப் பிரியப்பட்ட எடம். அவுக அம்மா நாளைக்கு ஒங்ககிட்ட விசாரிக்க வருவாக. நல்லபடியா நாலு வார்த்தை சொல்லுங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் நுனியெல்லாம் கத்தரிக்காய்க் கறை.

"நாலு என்ன தாயி, நாப்பது சொல்லுறேன்," என்றேன். பிறகு பொதுவாக விசாரித்தேன். "கல்யாணமாகிப் போயிட்டா இந்தச் செடியெல்லாம்?"

"அவுகளுக்குக் கெணறு இருக்கு பெரியம்மா. வாளியோட கொண்டு போயித் தரையிலயே வச்சிருவேன். தண்ணிக்கு அலைய வேண்டாம்."

இப்படிச் சிரித்து நான் அவளைப் பார்த்ததில்லை. அன்றைக்குக் கத்தரிக்காயில் காரம் கொஞ்சம் கூடிவிட்டது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் பையனின் அம்மா ரேணுகாதேவி வந்தார். காபி போட்டுக் கொடுத்தேன். சொன்னபடி நாற்பது வார்த்தைக்குக் குறையாமல் சொன்னேன். பொறுமை, சுத்தம், கைப்பக்குவம், அம்மாவைப் பார்த்துக்கொள்கிற பாசம், ஒன்றையும் விடவில்லை. அந்தம்மா முகம் மலர்ந்துவிட்டது. எழுந்திருக்கப் போனபோது இன்னொன்றையும் சொன்னேன்.

"நேத்துக்கூட வந்து, நீங்க வருவீக, நல்லபடியாச் சொல்லுங்கன்னு எங்கையப் புடிச்சுக் கேட்டுட்டுப் போனா. பாவம்."

ரேணுகாதேவி மறுபடி உட்கார்ந்தார். "எதுக்கு அப்படிக் கேக்கணும்?"

"எனக்கென்ன தெரியும் தாயி."

இந்த ஒரு வரியை வேண்டுமானால் பொய் என்று எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. அந்தம்மா அடுத்து ஜக்கம்மா வீட்டுக்குப் போனார். ஜக்கம்மாவும் "நல்ல புள்ள" என்றுதான் சொன்னாள். ஆனால் கேட்கிற காது அதற்குள் மாறிப்போயிருந்தது. இவளிடமும் அந்தப் பெண் சொல்லி வைத்துவிட்டாள் போல என்று அந்தம்மா நினைத்திருப்பார்.

இரண்டு நாளில், வேண்டாம் என்று போன் வந்தது. அந்தச் சாயங்காலம்தான் செல்வலட்சுமி ஜக்கம்மா வாசலில் நின்று கத்தினாள். ஜக்கம்மா பெயரை நான் சொல்லவில்லை, கவனியுங்கள். ஆனால் அவள் பெயர் வந்தபோது பூண்டை வைத்துவிட்டு எழுந்து போய், "அது நான்தான்" என்று சொல்லவும் இல்லை. தங்கச்செல்வி மாடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குனிந்து ஏதோ ஒரு குருத்தைக் கிள்ளினாள்.

அடுத்த செவ்வாய் கிண்ணம் வந்தது. மூன்று வருஷம் தவறாமல் வந்தது. அந்த மூன்று கல்யாணத்தையும் நிறுத்தியது நான்தான். வயிற்றுக்காகச் செய்தேன் என்று சொல்வார்கள். அப்படியில்லை. அவ்வளவு நல்ல பெண்ணை முன்பின் தெரியாத வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

தெரு முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டதில் ஜக்கம்மா வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாத்தூரில் மகளோடு போய் இருக்கிறாள். மதன்குமாருக்கு அந்தத் தையிலேயே விருதுநகரில் முடித்துவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள். தங்கச்செல்விக்குப் போன ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை காளிராஜ், பந்தல்குடி ரோட்டோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கோவிலில் மாலை மாற்றிக்கொண்டு, வாளிகளையும் செல்வலட்சுமியையும் ஒரே மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். லாரி டிரைவர்கள் கத்தரிக்காய்க்காகவே அங்கே நிறுத்துகிறார்களாம்.

அந்தக் காளிராஜ் தெருவில் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. நேராக அவளிடமே கேட்டாராம். இதென்ன முறையோ. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் நல்லபடியாகத்தான் சொல்லியிருப்பேன்.